இளையோரும் மறைக்கல்விப் பணியும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் முன்னோர் கேட்டார்கள். நல்லவற்றைச் சிறு வயதிலேயே கற்பிக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பழமொழியை எடுத்துச் சொல்லாத ஆசிரியரே இல்லை எனலாம். ஆனால் ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் பதினைந்து என்று ஒரு வயது இருக்கிறதே! அதைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயதில் இருப்பவள் என்ற உரிமையோடு அதைப் பற்றி எழுத முன்வந்துள்ளேன்.

நாம் எல்லோரும் குழந்தைப் பருவத்தில் தாயின் மடியில் இருந்து சிலுவை அடையாளம் போடக் கற்றோம். பின்பு செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்து, பங்குக் குருவானவரிடம் ஒப்புவித்துப் புதுநன்மை வாங்கினோம். அதன்பின் உறுதிபூசுதல் வந்தது. வெள்ளை உடை, மெழுகுவர்த்தி, ஆயர் ஆண்டகையின் வருகை, வீட்டில் விருந்து, குடும்பப் புகைப்படம்! அத்துடன் பலருக்கு மறைக்கல்வியும் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு ஞாயிறு வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. கூட்டலும் கழித்தலும் தெரிந்துவிட்டது என்று கணக்குப் பாடத்தை யாரும் விட்டுவிடுவதில்லை. ஞானப் பாடத்தில் மட்டும் கூட்டல் கழித்தலே போதும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஏன் இப்படி நேர்கிறது? வளரும் பிள்ளைகளுக்கும் வாலிபருக்கும் விசுவாசத்தைக் கற்பிப்பது எப்படி? இந்தப் பணியைச் சிறப்பாகச் செய்தவர்கள் என்ன செய்தார்கள்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு கேள்வி

சென்ற ஆண்டு எங்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று செபத்தைப் பற்றிய பாடம். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கப்படும் என்று ஆண்டவர் வாக்களித்ததை ஆசிரியை விளக்கிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த தோழி எழுந்து நின்றாள். "டீச்சர், எங்கள் அப்பாவுக்காக ஒன்பது நாளும் நவநாள் செபித்தோம். அம்மா ஒரு வேளைதான் சாப்பிட்டார்கள். பிறகும் அப்பா ஏன் இறந்துபோனார்கள்?" என்று கேட்டாள்.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. ஆசிரியை வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். மறைக்கல்வித் தேர்வில் இரண்டு ஆண்டுகள் முதல் பரிசு வாங்கியவள் அல்லவா! "எல்லாம் இறைவனின் சித்தம். அவர் நமக்கு நன்மையானதையே தருகிறார்" என்று படித்ததை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்புவித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். மறு ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

நான் சொன்ன விடை தவறா? தவறில்லை என்றே இன்றும் நம்புகிறேன். அப்படியானால் பிழை எங்கே? இதை எங்கள் சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள் பதில் சொல்லவில்லை. சில புத்தகங்களைக் கொடுத்து, "இவற்றைப் படித்துவிட்டு நீயே வந்து சொல்" என்றார்கள். அவற்றில் கண்டவையே கீழே வருபவை.

மறைக்கல்வி என்பது என்ன?

நம் பாட்டிமார் ஞானோபதேசம் என்று சொன்னதையே நாம் இன்று மறைக்கல்வி என்கிறோம். இதை ஐரோப்பிய மொழிகளில் குறிக்கும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ஒலிக்கச் செய்தல், எதிரொலிக்கச் செய்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆசிரியர் சொல்லும் இறைவார்த்தை மாணவரின் உள்ளத்தில் பட்டுத் திரும்பி ஒலிக்க வேண்டும் என்பது கருத்து. மலை அடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி கேட்கும். வெட்டவெளியில் நின்று கூவினால் கேட்காது. ஆகவே கூவுகிறவருக்குக் குரல் மட்டும் இருந்தால் போதாது. எதிரில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இது சம்பளத்துக்குச் செய்யும் வேலை அல்ல, திருச்சபையின் திருப்பணி. குருக்கள் எப்போதோ ஒரு முறை வந்துபோன அந்தக் காலத்து ஊர்களில், மக்களைக் கூட்டிச் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மறையைக் கற்பித்து, சாகக் கிடந்தவர்களுக்குத் துணை நின்றவர்கள் உபதேசியார்கள். அவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்காகவே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலை எழுதினார். இந்தப் பணியின் பெருமையை உணர்ந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2021-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாளிட்ட மடல் ஒன்றின் மூலம், மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினர் முறைப்படி ஏற்கும் திருப்பணியாகவே ஏற்படுத்தினார். நம் அக்காமாரும் அண்ணன்மாரும் ஞாயிறுதோறும் சாக்பீசும் கையுமாக நின்று செய்யும் வேலை அவ்வளவு மேலானது!

மணியோசை கேட்டு வந்த பிள்ளைகள்

மறைக்கல்வி என்றதும் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருபவர் புனித சவேரியார். அவர் 1542-ஆம் ஆண்டு கோவாவில் வந்து இறங்கி, அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் கட்டளைகளையும் தமிழில் ஆக்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துத் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர்களுக்கு அவற்றைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினார்.

இதில் நான் பெரிதும் வியந்த செய்தி வேறொன்று. நோயாளிகளைப் பார்க்க வரும்படி பல வீடுகளிலிருந்து அவரை அழைத்தார்கள். எல்லா இடத்துக்கும் அவரால் போக முடியவில்லை. ஆகவே செபம் கற்ற சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போய், வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிச் செபித்தார்கள். இதை அவரே 1544-ஆம் ஆண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நேற்று மாணவர், இன்று ஆசிரியர்! மனப்பாடம் வீண் என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மனப்பாடம் செய்த செபம், கலங்கிய நேரத்தில் தானாக வாயில் வரும். சவேரியாருக்குப் பின் அதே கடற்கரையில் உழைத்த அண்ட்ரிக் அடிகளார், 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 16 பக்கங்கள் கொண்ட 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூல் என்ற பெருமை ஒரு மறைக்கல்வி நூலுக்கே கிடைத்தது என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதன்றோ?

ஆனால் மனப்பாடம் அடித்தளம்தான். அடித்தளத்தோடு வீட்டை நிறுத்திவிட்டால் அதில் யார் குடியிருப்பது?

வெட்கப்பட்ட வாலிபன்

வளர்ந்த பிள்ளைகளுக்கு மறையைக் கற்பிப்பது தனிக் கலை என்பதை உலகுக்குக் காட்டியவர் புனித தொன் போஸ்கோ. 1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருநாள். இத்தாலி நாட்டின் தூரின் நகரில் ஒரு கோயிலின் சக்ரீஸ்தில் அவர் பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தார். குருப்பட்டம் பெற்று ஆறு மாதமே ஆகியிருந்தது. மூலையில் ஒரு பையன் நின்றான். பூசைக்கு உதவத் தெரியாது என்று அவன் சொன்னதும் கோயில்பிள்ளை அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ, "அவன் என் நண்பன், உடனே கூப்பிடுங்கள்" என்று திரும்ப அழைக்கச் செய்தார்.

பூசை முடிந்ததும் அவனோடு பேசினார். அவன் பெயர் பர்த்தொலொமேயு கரெல்லி. வயது 16. கொத்து வேலை செய்பவன். தந்தை இல்லை, தாயும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. புதுநன்மையும் வாங்கவில்லை. விசில் அடிக்கத் தெரியுமா என்று அவர் கேட்டதாகவும், அதைக் கேட்டு அவன் சிரித்துவிட்டதாகவும் சொல்வார்கள். ஞானோபதேச வகுப்புக்கு ஏன் போகவில்லை என்று கேட்டபோது அவன் சொன்ன காரணம் என் மனத்தைத் தொட்டது. தன்னைவிடச் சிறிய பிள்ளைகள் எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு வளர்ந்த தனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்களோடு போய் உட்கார வெட்கமாக இருக்கிறது என்றான். தனியாகச் சொல்லிக் கொடுத்தால் வருவாயா என்று கேட்டார். யாரும் அடிக்காவிட்டால் வருகிறேன் என்றான். அங்கேயே முழந்தாளிட்டு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி, முதல் பாடத்தைத் தொடங்கினார். அவன் தன் தோழர்களையும் அழைத்து வந்தான். இந்த ஒருவனிடமிருந்துதான் தமது பணி தொடங்கியது என்று தொன் போஸ்கோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906-ஆம் ஆண்டு நம் தஞ்சாவூருக்கே வந்து சேர்ந்தார்கள்.

இங்கே கவனியுங்கள். அவர் முதலில் கேட்டது மறையைப் பற்றிய கேள்வி அன்று. அவனுடைய பெயர், ஊர், பெற்றோர், வேலை இவற்றைத்தான் கேட்டார். நம்மில் பலர் ஞாயிறு வகுப்பை விட்டு நிற்பதற்கும் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று பெரியவர்கள் எண்ணக்கூடாது. சில சமயம் வெட்கமே காரணமாக இருக்கலாம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் நீண்ட கால்களை மடக்கிக்கொண்டு உட்கார வெட்கம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கம்.

துயரத்தில் ஒரு பாடம்

அடுத்து, நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தைப் பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர். நீலகண்ட பிள்ளை என்பது பெற்றோர் இட்ட பெயர். பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்தார். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்ற டிலனாய் என்ற டச்சுத் தளபதி அவருக்கு நண்பரானார். அந்நாளில் நீலகண்டரின் குடும்பத்துக்குத் துன்பம்மேல் துன்பம் வந்தது. பொருள் நட்டம் ஏற்பட்டது. அவர் முகம் வாடியிருந்ததைக் கண்ட டிலனாய் காரணம் கேட்டறிந்தார். பின்பு வேதாகமத்திலிருந்து யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார். அந்தக் கதைதான் அவரைக் கிறிஸ்துவிடம் அழைத்து வந்த வழி. 1745-ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752-ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் உயிரையே ஈந்தார். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார்.

டிலனாய் குருவானவர் அல்லர், போர்வீரர். அவருக்கு வகுப்பறை இல்லை, பாடநூல் இல்லை. நண்பனின் முகத்தைப் பார்த்தார், காரணம் கேட்டார், பிறகே கதையைச் சொன்னார். இளைஞருக்கு மறையைக் கற்பிக்கும் முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இதைப் படித்தபின் யோபு ஆகமத்தை நானும் திறந்து வாசித்தேன். செல்வமும் மக்களும் சுகமும் இழந்து யோபு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நண்பர்கள் மூவர் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். அதன்பின் வாய் திறந்து, கடவுள் நீதியுள்ளவர், ஆகவே இப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். யோபுவோ அழுகிறார், முறையிடுகிறார், கடவுளிடமே கேள்வி கேட்கிறார். கடைசியில் ஆண்டவர் கடிந்துகொண்டது யாரை? விளக்கம் சொன்ன நண்பர்களை! அவர்களுக்காக யோபுதான் மன்றாட வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த மூன்று நண்பர்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக நான் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

பார், சீர்தூக்கு, செயல்படு

மறுநாள் சிஸ்டரிடம் போய், "நான் செய்த பிழை தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது?" என்றேன். அவர்கள் எங்கள் பள்ளியில் உள்ள இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் முறையை நினைவுபடுத்தினார்கள். ஆகவே அந்த முறையைத் தந்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

ஜோசப் கார்டைன் 1882-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் எளிய குடும்பத்தில் பிறந்தார். குருத்துவக் கல்லூரியில் சேர்ந்து விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, தம் பழைய பள்ளித் தோழர்கள் தம்மைக் கண்டு விலகிப் போவதைப் பார்த்தார். அவர்கள் சிறு வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர்கள். அதற்குள் அவர்கள் திருச்சபையை அந்நியமாக எண்ணத் தொடங்கியிருந்தார்கள். 1903-ஆம் ஆண்டு தந்தை இறக்கும் தறுவாயில் இருந்தபோது, தம் வாழ்நாளைத் தொழிலாளர் மக்களுக்கே அளிப்பதாகச் சபதம் செய்தார். 1912-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரைச் சேர்ந்த லாக்கன் பங்குக்கு உதவிக் குருவாக வந்தார். அங்கே வேலைக்குப் போகும் இளம் பெண்களையும் பையன்களையும் சிறு சிறு குழுக்களாகக் கூட்டினார். 1925-ஆம் ஆண்டில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறையாகத் தோன்றியது. அதே ஆண்டில் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் அவரைச் சந்தித்து ஊக்கமளித்தார். கார்டைன் 1965-ஆம் ஆண்டு கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 1967-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய முறையில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, பார்ப்பது. நம்மைச் சுற்றி உண்மையில் நடப்பது என்ன என்று விசாரித்து அறிவது. இரண்டாவது, சீர்தூக்குவது. அறிந்ததை நற்செய்தியின் ஒளியில் வைத்து, இறைவன் இதை எப்படி விரும்புவார் என்று எண்ணிப் பார்ப்பது. மூன்றாவது, செயல்படுவது. நம்மால் முடிந்த ஒரு காரியத்தை, சிறிதானாலும், உடனே செய்வது. 1961-ஆம் ஆண்டு பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் இம்மூன்று படிகளையும் எடுத்துக்கூறி, இளைஞர்கள் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

சவேரியாரின் சிறுவர்கள் செபங்களைக் கற்று ஊருக்குள் சென்றார்கள். கார்டைனின் இளைஞர்கள் ஊரில் கண்டதைத் தூக்கிக்கொண்டு செபத்துக்கு வந்தார்கள். இரண்டும் தேவை. ஆனால் நம் வயதுக்கு இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைக்காது.

நாங்களும் முயன்றோம்

"அவள் ஏன் வரவில்லை?" என்று சிஸ்டர் எங்கள் குழுவில் கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடவுள்மேல் கோபம் என்றாள் ஒருத்தி. என்மேல் கோபம் என்று நான் எண்ணினேன். "ஊகம் வேண்டாம், போய்ப் பாருங்கள்" என்றார்கள் சிஸ்டர். நானும் இன்னொருத்தியும் சிஸ்டரோடு அவள் வீட்டுக்குப் போனோம்.

அங்கே கண்டது வேறு. அவள் அம்மா தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்துகிறார்கள். தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஞாயிறு காலையில்தான். நான்கு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள இவளைவிட்டால் ஆளில்லை. முன்பு அந்த நேரத்தில் அப்பா வீட்டில் இருப்பார்களாம். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் உட்கார்ந்து காபி குடித்தோம். தம்பி சிஸ்டரின் ஜெபமாலையைப் பிடித்து இழுத்து விளையாடினான். யாரும் மறையைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் லாசர் இறந்த நற்செய்திப் பகுதியை வாசித்தோம். லாசரை உயிர்ப்பிக்கப் போவது ஆண்டவருக்குத் தெரியும். ஆனாலும் மரியாவும் அவளோடு வந்தவர்களும் அழுததைக் கண்டு அவரும் கண்ணீர் விட்டார். விடை தெரிந்தவரே முதலில் அழுதார்! அதைச் சிஸ்டர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு முடிவு செய்தோம். சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் தம்பியையும் உட்கார வைத்துக்கொள்வது; முறை வைத்து எங்களில் ஒருத்தி அவனைப் பார்த்துக்கொள்வது. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் நாங்கள் ஆறு பேர் அவளோடு கல்லறைக்குப் போனோம். அவள் அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, பத்து மணி ஜெபமாலை சொன்னோம். மனப்பாடமாகத் தெரிந்த செபங்கள்தான். அன்று அவை வேறு மாதிரி ஒலித்தன.

திரும்பி வரும் வழியில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்ன விடை எனக்கும் தெரியும். நானும் அதே புத்தகத்தைத்தானே படித்தேன்" என்றாள் அவள். அவ்வளவுதான். இப்போது ஞாயிறு வகுப்புக்கு வருகிறாள். அந்தக் கேள்விக்கு அவளுக்கு விடை கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் கேள்வியோடு உட்கார அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது.

திருச்சபை சொல்வது என்ன?

இதெல்லாம் எங்கள் சொந்தக் கருத்து என்று யாரும் எண்ண வேண்டாம். இளைஞரே இளைஞருக்கு முதல் அப்போஸ்தலராக வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டிலேயே கூறியது. பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர் 1979-ஆம் ஆண்டு மறைக்கல்வியைப் பற்றி எழுதிய ஊக்கவுரையில், மறைக்கல்வியின் முடிவான நோக்கம் இயேசு கிறிஸ்துவோடு ஒன்றிப்பதே என்று தெளிவாக்கினார். அதே ஏட்டில் மனப்பாடத்தின் நன்மையையும் மறக்காமல் குறிப்பிட்டார். இளைஞரைப் பற்றிய ஆயர் மாமன்றம் 2018-ஆம் ஆண்டு உரோமையில் கூடியது. அதன்பின் பாப்பரசர் பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டு இளைஞருக்கு எழுதிய மடலில், ஆண்டவரைச் சந்தித்த மகிழ்ச்சியோடு வரும் இளைஞருக்குக் கொள்கை விளக்க உரைகளை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் சலிப்படைந்து போவார்கள் என்று எச்சரித்தார்.

இளைஞரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, புனித கார்லோ அக்குத்திஸ் நல்ல விடை. 1991-ஆம் ஆண்டு பிறந்த இவர் இத்தாலியில் மிலான் நகரில் வளர்ந்தார். தம் பங்கில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பிக்க உதவினார். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்துக் கணிப்பொறி மூலம் உலகுக்கு அறிவித்தார். 2006-ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 15. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்டார். பத்தாம் வகுப்பு மாணவியாகிய எனக்கும் அதே வயது என்று நினைக்கும்போது, பெருமையும் அச்சமும் சேர்ந்தே வருகின்றன.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே! ஞாயிறு வகுப்புக்குப் போனாயா என்று மட்டும் கேளாமல், அங்கே என்ன பேசினீர்கள் என்றும் கேளுங்கள். பரீட்சை நெருங்கியதும் முதலில் நிறுத்தப்படும் வகுப்பு மறைக்கல்வி வகுப்பாக இராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலைச் செபம் முடிந்தபின் ஐந்து நிமிடம் எங்கள் கேள்விகளுக்குக் கொடுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். அதனால் உங்கள்மேல் எங்களுக்கு மதிப்புக் குறையாது.

மறைக்கல்வி கற்பிக்கும் சிஸ்டர்களே, ஆசிரியர்களே! எங்கள் கேள்விகள் சில முரட்டுத்தனமாக இருக்கலாம். அவற்றை அவிசுவாசம் என்று தள்ளிவிடாதீர்கள். கேள்வி கேட்கிறவள் இன்னும் வகுப்பில் இருக்கிறாள். கேளாமல் எழுந்து போனவளைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

என் அன்புத் தோழியரே! உறுதிபூசுதல் ஒரு பட்டமளிப்பு விழா அன்று. ஆண்டவரின் பணிக்கு நம்மைத் திடப்படுத்தும் அருட்சாதனம். இந்த ஆண்டு பள்ளியைவிட்டுப் போகும் நாம், மேல்நிலைப் பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ எங்கே போனாலும், அங்குள்ள பங்கில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு ஒன்று இருக்கும். ஒரு ஞாயிறுக்கு ஒரு மணி நேரம் அதற்குக் கொடுப்போம். கற்பிக்கப் போகிறவள்தான் அதிகமாகக் கற்கிறாள் என்பதை அனுபவத்தில் அறிவோம்.

உயிர்த்த ஆண்டவர் எம்மாவு வழியில் செய்ததை நினைத்துப் பாருங்கள். சீடர்கள் இருவர் மனம் உடைந்து, எருசலேமைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வழியை மறித்துக் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் போன திசையிலேயே கூட நடந்தார். எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின்னரே மறைநூலை விளக்கினார், அப்பத்தைப் பிட்டார். அவர்களோ அந்த இரவிலேயே எருசலேமுக்குத் திரும்பி ஓடி, கண்டதை மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

சிஸ்டர் கேட்டபடி புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "பிழை எங்கே என்று கண்டாயா?" என்றார்கள். "விடையில் இல்லை, சிஸ்டர். அவள் பேசி முடிக்குமுன் நான் சொல்லிவிட்டேன்" என்றேன். சிஸ்டர் சிரித்துவிட்டு, அடுத்த மாதம் முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்க என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

கற்றதைக் கற்பிக்கவும், கற்பிக்குமுன் கேட்கவும் நம் எல்லோருக்கும் இறைவன் அருள்புரிவாராக!